டெண்டரில் ஒரு வரி

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்காத வீடு நம் ஊரில் இல்லை. எண்ணெய் உறைந்துபோனதற்காக யாரும் அதைக் குறை சொல்வதும் இல்லை. 2004 ஜனவரியில், அயோவா மாநிலத்தில், ஒரு மத்திய அரசு வளாகத்தின் வண்டிக் கொட்டகையில் நான் நின்றபோது வெளியே மைனஸ் 26 டிகிரி. பனி தள்ளும் வண்டியின் ஹைட்ராலிக் டாங்கைத் திறந்த மெக்கானிக் உள்ளே ஒரு மரக்குச்சியை விட்டார். குச்சி சாயாமல் நின்றது. ராத்திரி முழுக்கப் பெய்த பனி சாலையில் முழங்கால் உயரம் கிடந்தது. அதைத் தள்ள வேண்டிய வண்டியின் கலப்பை மேலே எழும்பவில்லை.

அந்த எண்ணெய் நான் கலந்தது. சோயா எண்ணெயிலிருந்து செய்தது.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது இருக்கும். அவர் என்னைத் திட்டவில்லை. "பெட்ரோலிய எண்ணெய் இருந்தவரைக்கும் இந்த வண்டி ஒரு நாள்கூட நின்றதில்லை. வாஷிங்டனில் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அந்தச் சட்டம் இங்கே வந்து பனி தள்ளுமா?" என்று மட்டும் கேட்டார். அவருக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடுதான் அடுத்த இருபது வருடம் வேலை பார்த்தேன்.

தாராபுரம் பக்கத்தில் எங்களுக்குச் செக்கு இருந்தது. கடலை எண்ணெய் வாசத்தில் வளர்ந்து, சென்னையில் எண்ணெய்த் தொழில்நுட்பம் படித்து, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதிக்கு வந்தேன். நாற்பது பேர் வேலை பார்த்த ஒரு சின்ன மசகு எண்ணெய்க் கம்பெனியில் கலவை வேதியியலாளர் வேலை கிடைத்தது. எங்கு பார்த்தாலும் சோளமும் சோயாவும் விளையும் ஊர். விலை சரிந்த வருடங்களில் விவசாயிகள் சாப்பாட்டுக்கும் தீவனத்துக்கும் அப்பால் சந்தை தேடினார்கள். வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் சோயா எண்ணெயை ஹைட்ராலிக் ஆயிலாக மாற்றும் ஆராய்ச்சி அப்போதே தொடங்கியிருந்தது. இல்லினாய் மாநிலம் பியோரியாவில் வேளாண் துறையின் பெரிய ஆய்வுக்கூடம் இருக்கிறது. விளைபொருளுக்குப் புதிய தொழில் பயன்பாடு கண்டுபிடிக்க வேண்டும் என்று 1938-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் நாட்டில் நிறுவப்பட்ட நான்கு ஆய்வுக்கூடங்களில் அது ஒன்று. பென்சிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழி உலகப் போர்க் காலத்தில் அங்கேதான் உருவானது. விளைச்சலைத் தொழிற்சாலைக்கு அனுப்பும் ஆசை அந்த நாட்டில் பழையது. அரசே முதல் வாடிக்கையாளராக வர வேண்டும் என்ற எண்ணம்தான் புதியது.

அந்த எண்ணம் 2002-ஆம் வருட விவசாயச் சட்டத்தின் 9002-ஆம் பிரிவாக வந்தது. தாவரம், விலங்கு, காடு ஆகியவற்றிலிருந்து செய்த பொருட்களை, பயோபேஸ்டு பொருட்கள் என்று நாங்கள் சொல்கிறவற்றை, மத்திய அரசு அலுவலகங்கள் முன்னுரிமை கொடுத்து வாங்க வேண்டும் என்றது அது. ஒரு பொருளை வருடத்துக்கு 10,000 டாலருக்கு மேல் வாங்கும் அலுவலகம் அதற்குக் கட்டுப்பட்டது. மூன்று விலக்குகள் உண்டு: தேவையான காலத்துக்குள் கிடைக்கவில்லை, வேலைக்கு ஆகவில்லை, விலை நியாயமாக இல்லை. இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். போர்த் தளவாடங்களுக்கும் விண்வெளிக் கலங்களுக்கும் கட்டாயம் கிடையாது.

எங்கள் கம்பெனியில் அன்று கேக் வெட்டினார்கள். எதை வாங்க வேண்டும் என்ற பட்டியலே இன்னும் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. பொருள் வகையை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அதில் தாவரப் பங்கு குறைந்தது எவ்வளவு இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அரசிதழில் அறிவித்த பிறகுதான் கட்டாயம் தொடங்கும். வேலை மெதுவாக நடக்கிறது என்று 2004-லேயே அரசின் தணிக்கை அமைப்பு அறிக்கை எழுதியது. வழிகாட்டு விதிகள் 2005 ஜனவரியில் வந்தன. முதல் பட்டியல் 2006 மார்ச்சில் வந்தது. சட்டம் வந்து நாலு வருடம் கழித்து ஆறே ஆறு பொருட்கள்: நகரும் இயந்திரங்களுக்கான ஹைட்ராலிக் ஆயில், கூரைப் பூச்சு, தண்ணீர்த் தொட்டிப் பூச்சு, டீசல் சேர்க்கை, துருப்பிடித்த திருகைத் தளர்த்தும் எண்ணெய், படுக்கை விரிப்பும் துண்டும். ஹைட்ராலிக் ஆயிலுக்குக் குறைந்தபட்சம் 44 சதவீதம், திருகு தளர்த்தும் எண்ணெய்க்கு 68, டீசல் சேர்க்கைக்கு 90.

இந்த எண்களில் குளிரைப் பற்றி ஒன்றும் இல்லை. இருக்கவும் முடியாது. தாவரப் பங்கு எவ்வளவு என்பது ஒரு கேள்வி, மைனஸ் 26-ல் ஓடுமா என்பது வேறு கேள்வி. 2004-ல் எங்களுக்கு வந்திருந்த ஆர்டரில் 'தாவர எண்ணெய் ஹைட்ராலிக் ஆயில், கிரேடு 46' என்று மட்டும் எழுதியிருந்தது. 46 என்பது 40 டிகிரி சூட்டில் எண்ணெயின் பாகு எவ்வளவு என்று சொல்லும் எண். குளிரில் அது என்ன ஆகும் என்று அந்த எண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெட்ரோலிய எண்ணெயை வாங்கிப் பழகியவர்களுக்கு அதை எழுத வேண்டிய அவசியமே வந்ததில்லை. பச்சைச் சோயா எண்ணெயோ மைனஸ் 10 டிகிரி பக்கம் வந்தாலே ஓட்டம் நின்றுவிடும். எங்கள் கிடங்கில் கோடைக் கலவை மிச்சமிருந்தது, அதை அனுப்பிவிட்டார்கள். கேட்டவர் எழுதவில்லை, கொடுத்தவர் கேட்கவில்லை. தவறில் பெரிய பங்கு எங்களுடையது, ஏனென்றால் எங்களுக்குத் தெரியும்.

அந்த வாரம் இருபது டிரம் எண்ணெயைத் திருப்பி எடுத்தோம். டாங்கையும் குழாய்களையும் எங்கள் செலவில் கழுவிக் கொடுத்தோம். பிறகு இரண்டு குளிர்காலம் அந்தக் கொட்டகையின் ஓரத்தில், மெக்கானிக் அனுமதியோடு, சாம்பிள் கேன்களை வைத்து வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தேன். ஆய்வுக்கூட ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் தாவர எண்ணெய் ஓடும். அதே குளிரில் ஒரு வாரம் கிடந்தால் மெல்ல மெல்லப் படிகம் கட்டி இறுகும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கொட்டகைதான். ஓலிக் அமிலம் அதிகமுள்ள விதை எண்ணெயையும் செயற்கை எஸ்டரையும் கலந்து ஒரு குளிர்காலக் கலவை பிடித்தேன். விலை பெட்ரோலிய எண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது.

அடுத்த பாடம் கார்பனைப் பற்றியது.

ஒரு பொருளில் எவ்வளவு தாவரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோயாவிலிருந்து வந்த கார்பனும் கச்சா எண்ணெயிலிருந்து வந்த கார்பனும் வேதியியலில் ஒன்றுபோலத்தான் நடந்துகொள்ளும். வித்தியாசம் வயதில் இருக்கிறது. காற்றில் இருக்கும் கார்பனில் மிகச் சிறு பங்கு கார்பன்-14. உயிரோடு இருக்கும் செடி அதை எடுத்துக்கொள்கிறது. செடி செத்த பிறகு 5,730 வருடத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். பல கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்த பெட்ரோலியத்தில் அது துளியும் மிச்சமிருக்காது. பழைய எலும்புக்கும் மரக்கட்டைக்கும் வயது சொல்ல வில்லார்ட் லிபி கண்டுபிடித்த முறை இது. 1960-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே முறையை வைத்து, வேளாண் துறையின் தேவைக்காக, ஏ.எஸ்.டி.எம். டி6866 என்ற சோதனையை 2004-ல் வகுத்தார்கள். ஆயிரம் வருடக் கோயிலின் மரத்தூணுக்கு வயது பார்க்கிற மாதிரி என் எண்ணெய்க்கும் பார்க்கிறார்கள் என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

2007-ல் எங்கள் திருகு தளர்த்தும் எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பினோம். விற்பனைப் பிரிவு விளம்பரத்தாளில் 'முழுக்கத் தாவர எண்ணெய்' என்று அச்சடித்து முடித்திருந்தது. முடிவு 67 சதவீதம் என்று வந்தது. தேவை 68.

உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் வாங்கிய எஸ்டர், தாவரத்திலிருந்து வரும் ஓலிக் அமிலத்தையும் பெட்ரோலியத்திலிருந்து வரும் எத்தில்ஹெக்சனால் என்ற ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்தது. அமிலத்தில் 18 கார்பன், ஆல்கஹாலில் 8. மொத்தம் 26-ல் 18 என்றால் 69 சதவீதம். துருத் தடுப்பு மருந்து சேர்ந்ததும் இன்னும் இரண்டு போய்விட்டது. எடையை வைத்து, விற்றவர் சொன்னதை நம்பி, 'எல்லாம் தாவரம்' என்று நாங்கள் நினைத்திருந்தோம். சோதனைக்கே முன்பின் 3 சதவீதப் பிழை வரம்பு உண்டு, அதைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு எஸ்டருக்கு மாறினேன். மூன்று ஓலிக் அமிலம் ஒரு சின்ன ஆல்கஹாலோடு சேர்ந்த வகை அது. 60 கார்பனில் 54 தாவரம், அதாவது 90 சதவீதம். விலை ஏறியது. விளம்பரத்தாள் மொத்தத்தையும் கிழித்துப் போட்டு, சோதனை சொன்ன எண்ணை மட்டும் அச்சடித்தோம். இந்தத் துறைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: உன் பொருளின் கார்பன்களை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறாயா?

அந்தச் சோதனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது கரிமக் கார்பனை மட்டும் எண்ணும். தண்ணீர் கணக்கில் வராது, உப்பும் கல்மாவும் வராது. கண்ணாடி துடைக்கும் திரவத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். மிச்சமிருக்கும் துளியில் உள்ள கார்பன் முழுக்கத் தாவரம் என்றால், பாட்டிலுக்கு 100 சதவீதம் என்றே சான்று கிடைக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் வாங்குகிறவர் மனதில் அந்த எண் வேறு படத்தை வரைகிறது. மரச் சாமானில் இன்னொரு விநோதம். 1950-களிலும் 60-களிலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அந்தக் காலத்தில் வளர்ந்த மரத்தைச் சோதித்தால் விடை நூறைத் தாண்டும். அதற்கென்று ஒரு திருத்தக் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பட்டியல் வந்ததும் ஆர்டர் குவியும் என்று எதிர்பார்த்தோம். குவியவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள நானே கிடங்கு கிடங்காகப் போனேன். ஒரு ஸ்டோர் கீப்பர் அம்மா, முப்பது வருட அனுபவம், தன் மேஜையில் இருந்த இரண்டு காகிதங்களை எடுத்துக் காட்டினார். ஒன்று எங்கள் சட்டம். மற்றது 1976-ஆம் வருடச் சட்டத்தின் கீழ் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை போட்ட பட்டியல். மறுசுழற்சிப் பொருட்களுக்கு முன்னுரிமை கொடு என்று சொல்வது. பழைய எண்ணெயைச் சுத்திகரித்துத் திரும்பத் தயாரித்த மசகு எண்ணெய் அதில் இருக்கிறது, ஹைட்ராலிக் ஆயிலும் சேர்த்துத்தான். "ஒரே டாங்க். இரண்டு சட்டம் இரண்டு எண்ணெயை ஊற்றச் சொல்கிறது. நான் எதை ஊற்றட்டும்?" என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. இரண்டு துறைகளின் விதிகளையும் அருகருகே வைத்து ஒரு வாரம் படித்தேன். மறுசுத்திகரிப்பு எண்ணெய் அந்த வேலைக்குப் போதும் என்றால் அதற்கே முதலிடம். ஆனால் எண்ணெய் சிந்தினால் ஆற்றிலோ ஏரியிலோ போய்ச் சேரும் இடத்தில், விரைவில் மக்க வேண்டும் என்ற தேவையை அலுவலகம் எழுதி வைத்தால், அங்கே தாவர எண்ணெய் வாங்கலாம். தேவையை எழுத வேண்டும் என்பதுதான் முக்கியம். அணைக்கட்டு மதகு, ஆற்றைத் தூர்வாரும் இயந்திரம், தோட்டத்து டிராக்டர் என்று இடம் இடமாகப் பிரித்து, அந்த அம்மாவும் நானும் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டோம். 112 இயந்திரங்களில் 19-க்கு மட்டும் தாவர எண்ணெய் என்று முடிவானது. என் முதலாளிக்கு அது ஏமாற்றம். எனக்கு அப்படியில்லை. அந்த 19-லிருந்து எங்கள் எண்ணெய் வெளியேறவே இல்லை.

நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலைக்குள் ஏறும் லிஃப்டுக்கு பியோரியா ஆய்வுக்கூடம் சோயா ஹைட்ராலிக் ஆயில் உருவாக்கிக் கொடுத்ததும் இதே வழியில்தான். சுற்றிலும் கடல், உள்ளே மூடிய இடம். கசிந்தாலும் தீங்கு குறைவாக இருக்க வேண்டும் என்று தேசியப் பூங்காத் துறை கேட்டது. மின்மாற்றி இன்னும் தெளிவான உதாரணம். 2008-ல் அறிவித்த பொருட்களில், தாவர எண்ணெய் ஊற்றும் மின்மாற்றித் திரவத்துக்கு 95 சதவீதம் விதித்தார்கள். ஆனால் மின்வாரியப் பொறியாளர்கள் அதை வாங்கியதற்குக் காரணம் அந்த 95 இல்லை. கனிம எண்ணெய் 170 டிகிரிக்குள்ளாகவே தீப்பிடிக்கும், தாவர எஸ்டர் 300 டிகிரியைத் தாண்டினாலும் பிடிக்காது. உள்ளே சுற்றியிருக்கும் காகிதக் காப்பின் ஈரத்தையும் அது இழுத்துக்கொள்வதால் காகிதத்துக்கு ஆயுள் கூடும். கட்டடத்துக்குள் மின்மாற்றி வைக்கிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? தேவை எழுதப்பட்ட இடத்தில் சட்டம் வேகமாக ஓடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தேவை எழுதப்படாத இடத்தில் அது அலமாரியில் தூங்கும்.

2011 தொடக்கத்தில் லேபிள் வந்தது. அதுவரை அரசுக் கிடங்குக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த சதவீதக் கணக்கு கடை அலமாரிக்கு வந்தது. வேளாண் துறையின் சான்று, ஓர் எண், அந்த எண் பொருளுக்கா பொட்டலத்துக்கா என்ற குறிப்பு, அரசு முன்னுரிமைப் பட்டியலில் உள்ள வகை என்றால் எஃப்.பி. என்ற இரண்டு எழுத்து. பட்டியலில் வராத வகைக்குக் குறைந்தது 25 சதவீதம் இருந்தால் போதும். யார் வேண்டுமானாலும் 'இயற்கை', 'பசுமை' என்று எழுதிக்கொண்டிருந்த சந்தையில், ஆய்வுக்கூடம் அளந்த ஓர் எண்ணை அரசு ஒட்ட வைத்தது. அதை இன்றும் பெரிய காரியமாகவே மதிக்கிறேன்.

ஆனால் லேபிளைப் படித்தவர்கள் அதில் இல்லாததையும் சேர்த்துப் படித்தார்கள். ஓர் ஏரிக்கரை முகாமில் எங்கள் எண்ணெய் நாற்பது லிட்டர் சிந்திவிட்டது. பொறுப்பில் இருந்த பையன், லேபிளைப் பார்த்துவிட்டு, 'இது தாவரம்தானே, மண் தின்றுவிடும்' என்று குழாயைத் திருப்பிக் கழுவி ஏரிக்கே அனுப்பியிருக்கிறான். தாவர எண்ணெயும் அந்த நாட்டுச் சட்டப்படி எண்ணெய்தான். தண்ணீரில் படலம் மின்னினால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். படலம் கட்டினால் தண்ணீருக்குள் காற்றுப் போகாது, பறவையின் இறகில் ஒட்டும். மக்கும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்னும், மீன் மூச்சுத் திணறும். கரையில் பையனோடு நின்று மிதவை கட்டி எண்ணெயை வழித்து எடுத்தோம். அவன் அழுதுவிட்டான். 'உன் மேல் தவறு இல்லை, நாங்கள் சொல்லவில்லை' என்றேன். அடுத்த மாதத்திலிருந்து எங்கள் டிரம்மில் லேபிளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி அச்சடித்தோம்: 'சிந்தினால் மற்ற எண்ணெயைப் போலவே அள்ளவும்.' விற்பனை குறையும் என்று பயந்தார்கள். குறையவில்லை.

தாவரத்திலிருந்து வந்தது என்பதும் மக்கும் என்பதும் தனித்தனிக் குணங்கள். பிரேசிலில் கரும்பிலிருந்து பாலித்தீன் செய்கிறார்கள். கார்பன் முழுக்கக் கரும்பு, ஆனால் நம் ஊர்ப் பாலித்தீன் பையைப் போலவே அதுவும் மக்காது. ஆமணக்கிலிருந்து செய்யும் நைலான்-11 வகையும் அப்படித்தான், மக்காமல் நிலைப்பதால்தான் எரிபொருள் குழாய்க்கு அதை வாங்குகிறார்கள். மறுபக்கம், பெட்ரோலியத்திலிருந்து செய்தும் உரக்குழியில் மக்கும் பிளாஸ்டிக் இருக்கிறது. கப்பல் எண்ணெய்களுக்கு 2013-ல் வந்த அனுமதி விதி மக்கும் தன்மையையும் நச்சுத் தன்மையையும் கேட்டது, தாவரச் சதவீதத்தைக் கேட்கவில்லை. ஒவ்வொரு முத்திரையும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். இதை எத்தனை கூட்டங்களில் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை.

எனக்கு மனவருத்தம் தந்த ஒரு விதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1972-க்கு முன்பே சந்தையில் நிலைபெற்றுவிட்ட பொருட்களுக்கு முன்னுரிமை இல்லை என்று தொடக்கத்தில் வைத்திருந்தார்கள். புதியவற்றுக்கு வழிவிடத்தான் அந்த விதி என்ற காரணம் புரிந்தது. ஆனால் மரமும் பருத்தியும் தாவரமில்லை என்று யார் சொல்ல முடியும்? எங்கள் ஊரில் தாத்தா வைக்கோலைக் கருக்கி, அந்தக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து வண்டி மை செய்வார். மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பார். சந்தைக்குப் போகும் வழியில் அச்சு கீச்சிட்டால் இறங்கி ஒரு விரல் தடவுவார். பல தலைமுறை ஓடிய அந்த மசகை அமெரிக்காவில் ஒருவர் விற்றிருந்தால், பழையது என்று அதைத் தள்ளியிருப்பார்கள். 2014 பிப்ரவரியில் வந்த விவசாயச் சட்டம் இதைத் திருத்திக் காட்டுப் பொருட்களையும் உள்ளே விட்டது. அன்று மாலை ஊருக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். தாத்தா போய் அப்போது முப்பது வருடம் ஆகியிருந்தது.

மாற்றங்களில் பெரியது எது என்று கேட்டால், பொருளை வாங்குகிறவர் மாறியதைச் சொல்வேன். நான் தொழிலுக்கு வந்தபோது அரசு அலுவலகம் தானே சோப்பும் எண்ணெயும் வாங்கி வைத்தது. போகப் போகத் துப்புரவு, தோட்டம், வண்டிப் பராமரிப்பு எல்லாமே ஒப்பந்தக்காரர்களிடம் போயின. சோப்பு வாங்குவது அவர்கள். அரசு வாங்குவது 'சுத்தமான தரை'. சட்டத்தின் கை ஒப்பந்தத்தின் வழியாகத்தான் சோப்பைத் தொட முடியும். அதற்காகக் கொள்முதல் விதித்தொகுப்பில் 52.223-2 என்று ஒரு ஷரத்து வைத்தார்கள். ஒப்பந்தக்காரர் பட்டியல் பொருட்களில் தாவர வகையையே பயன்படுத்த வேண்டும், வருடா வருடம் அக்டோபர் 31-க்குள் எவ்வளவு வாங்கினார் என்று கணக்குக் கொடுக்க வேண்டும் என்றது அது. ஒப்பந்தத்தில் ஷரத்து இருந்தது. அதைப் படித்துச் சோப்பு மாற்றிய மேஸ்திரியைப் பார்ப்பது அரிதாக இருந்தது.

ஒரு தடவை இரவு ஷிஃப்ட் துப்புரவு ஆட்களோடு ஒரு வாரம் தங்கிப் பார்த்தேன். மேற்பார்வையாளர் ஒரு மெக்சிகோ அம்மா. பழைய கிரீஸ் நீக்கியால் கையெல்லாம் வெடித்திருந்தது. தாவரக் கரைப்பானில் செய்த சாம்பிளைக் கொடுத்தேன். வாசம் பிடித்தது, கை எரியவில்லை, ஆனால் கறை போக ஐந்து நிமிடம் அதிகம் ஆனது. "ஐந்து நிமிடம் என்றால் ஒரு ராத்திரிக்கு இரண்டு அறை குறையும். அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டார். மாதிரிப் பாட்டிலின் விலையை மட்டும் வைத்து நான் போட்டிருந்த கணக்கு அங்கேயே பொய்த்துப் போனது. பிறகு தெளித்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் குப்பைத் தொட்டி மாற்றுவது என்று வேலை வரிசையை அவரே மாற்றிப் பார்த்தார். ஐந்து நிமிடம் ஒன்றாகக் குறைந்தது. அந்த வரிசையைத்தான் அடுத்த டெண்டரில் வேலை முறையாக எழுத வைத்தோம்.

பட்டியல் வளர்ந்தது. ஆறில் தொடங்கி 97, பிறகு 109, பிறகு 139 வகை. லேபிள் ஆயிரக்கணக்கான பொருட்களில் ஏறியது. 2017-ல் தாவர மூலப் பொருட்கள் 470 பில்லியன் டாலர் மதிப்புக்கும் 46 லட்சம் வேலைக்கும் காரணம் என்று வேளாண் துறை 2021-ல் அறிக்கை வெளியிட்டது. மரமும் பருத்தியும் சேர்ந்த கணக்கு அது. அதில் எவ்வளவு இந்த முன்னுரிமையால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உத்தரவுகளும் வந்தன, போயின. ஒரு ஜனாதிபதி 2015-ல் போட்டதை அடுத்தவர் 2018-ல் எடுத்தார். 2022 செப்டம்பரில் இன்னொன்று வந்தது, 2025 மார்ச்சில் அதுவும் ரத்தானது. ஒவ்வொரு தடவையும் தொழிலில் இருப்பவர்கள் ஃபோன் செய்து 'இனி என்ன ஆகும்?' என்று கேட்பார்கள். 2002 சட்டப் பிரிவு புத்தகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு உங்கள் வாடிக்கையாளரின் அடுத்த டெண்டரைப் பாருங்கள் என்பேன்.

ஓய்வுக்குப் பிறகு வாரம் இரண்டு நாள் சிறு கம்பெனிகளுக்காக டெண்டர் படித்துக் கொடுக்கிறேன். போன மாதம் ஒரு வளாகத்தின் வரைவு வந்தது. நான் 2004-ல் நின்ற கொட்டகையிலிருந்து அறுபது மைல் தள்ளி இருக்கும் இடம். வரைவில் எழுதியிருந்தது: 'ஹைட்ராலிக் ஆயில், தாவர மூலம், 44 சதவீதத்துக்குக் குறையாமல், கிரேடு 46.' பனி வண்டிக்கு. கேள்வி கேட்க விதிப்படி ஒரு வாரம் அவகாசம் இருந்தது. ஒரு கேள்வியாக எழுதி அனுப்பினேன்: 'மைனஸ் 30 டிகிரியில் ஏழு நாள் கிடந்த பிறகும் ஓட வேண்டும் என்று சேர்ப்பீர்களா?' வியாழக்கிழமை திருத்தம் வந்தது. வரி சேர்ந்திருந்தது. மைனஸ் 30-க்குப் பதில் மைனஸ் 32 என்று போட்டிருந்தார்கள். எழுதியவர் அந்த ஊர்க் குளிரை அறிந்தவராக இருக்க வேண்டும்.